யோக்காவின் இலை

ரொட்டித் தொழிற்சாலையின் இரவு ஷிப்டை மார்ச்சில் விட்டேன். கையில் நேரம் இருந்தது, கொட்டகையில் ஒரு வால்நட் பலகை இருந்தது, வுகோட்டா பெரியப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. அவருக்கு எதைக் கொடுத்தாலும் ஓரமாக வைத்துவிட்டு வம்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒன்பது தலைமுறை ஆண்களின் பெயரை மூச்சு விடாமல் சொல்வார். பல் பிடுங்க உட்கார்ந்த நாற்காலியில்கூடச் சொன்னாராம். அதனால் அந்த வம்சத்தையே சால்டரிங் அயர்னால் பலகையில் சுட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு மரம்: வேரில் முதல் ஆள், மேலே ஒவ்வோர் ஆணுக்கும் ஓர் இலை. எங்கள் மலைப்பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான் போடுவார்கள். பெண்களுக்கு இலை கிடையாது.

செத்தவர்கள் மேல் எனக்குத் தனி அக்கறை இல்லை. பிறந்த வருடங்கள் வேண்டுமே என்றுதான் தேவாலயத்துப் பழைய பதிவேட்டைப் பார்க்கப் போனேன். அங்கே வந்தது வினை. நாலாவது ஆள் சாவோ, அவர் மகன் லூக்கா என்பது பெரியப்பாவின் பாடம். பதிவேடு வேறு சொன்னது. சாவோவுக்கு ஒரே பிள்ளை, யோக்கா என்ற பெண். லூக்கா வேறு பள்ளத்தாக்கிலிருந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டிலேயே தங்கி, மாமனாரின் குலப்பெயரையும் எடுத்துக்கொண்டவன். வீட்டோடு மாப்பிள்ளை.

எங்கள் ஊரில் ஆடு திருடியவனை மன்னிப்பார்கள். வீட்டோடு மாப்பிள்ளையை மன்னிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு காவ்ரோவின் தாத்தா அப்படி வந்தவர். அதைச் சொல்லியே பெரியப்பா நாற்பது வருடமாக அவரைக் குத்திக்கொண்டிருந்தார்.

பொய் எழுதியிருக்கலாம். ஆனால் மூன்று மாத வேலை; பொய்க்காக விரலைச் சுட்டுக்கொள்ள மனம் வரவில்லை. சாவோவுக்கும் லூக்காவுக்கும் நடுவே, தண்டிலேயே, யோக்காவுக்கு ஓர் இலை போட்டேன்.

பிறந்தநாளன்று நண்பகலில் பலகையைக் கொடுத்தபோது, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் பெரியப்பா ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருந்தார். வேரிலிருந்து படித்துக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார்.

"யாருடா இது யோக்கா?"

"சாவோ மக, பெரியப்பா."

"மகளுக்கு எதுக்குடா இலை?"

சொன்னேன். பதிவேட்டின் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். எழுத்து மாறவில்லை.

"ஒரு மணிக்கு காவ்ரோ சாப்பிட வரான்." குரல் இறங்கியிருந்தது. "இதைப் பாத்தான்னா நான் சாகுற வரைக்கும் விடமாட்டான். அழிச்சிடு."

"ஆழமா சுட்டிருக்கேன். அழிச்சா குழி விழும்."

"அப்ப அது மேல ஒரு குருவி போட்டு மறைச்சிடு."

"போடலாம். குருவி மேல லூக்கா நிப்பாரு. அதுக்கு மேல நீங்க."

அடுப்படியிலிருந்து ஸ்தானா பெரியம்மா சிரித்தாள். "குருவியே தேவல. முட்டையாவது போடும்."

"நீ சும்மா இருடி."

"முப்பத்தெட்டு வருஷமா சும்மாத்தான இருக்கேன். எனக்கு இலை எங்க?"

அதற்குள் காவ்ரோ வந்துவிட்டார், அரை மணி முன்னதாக. பசித்தால் அவருக்குக் கடிகாரம் தெரியாது. பெரியப்பா பலகையை மார்போடு திருப்பி அணைத்துக்கொண்டார்.

"என்னடா, கதவைக் கழட்டிக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கற?"

"பரிசு. வம்சம் எழுதினது."

"அப்ப காட்டு."

கொட்டகைக்குக் கொண்டுபோயிருக்கலாம். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கலாம். ஆனால் கையில் ஒன்பது தலைமுறை, எதிரில் பார்ப்பதற்கு ஓர் ஆள். அந்த மனிதரால் காட்டாமல் இருக்க முடியாது. பெருமூச்சு விட்டுவிட்டு ஆணியில் மாட்டினார்.

காவ்ரோவின் விரல் வேரிலிருந்து ஏறி யோக்காவில் நின்றது. லூக்கா எங்கிருந்து வந்தவன் என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். அதையும் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, குடிக்க ரக்கியா சாராயம் கேட்டார்.

"நாப்பது வருஷம்டா! என்ன பேச்சு பேசின என்னை! உங்க ஆளும் மூட்டையைத் தூக்கிட்டு மாமனார் வீட்டுக்குப் போனவன்தானா?"

பெரியப்பா கழுத்து வரை சிவந்துபோனார். தானும் ஒரு கோப்பையை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"போனான். எதுக்குப் போனான்னு கேளு. உங்க தாத்தா போன வீட்ல எத்தனை ஆடு?"

"பதினாறு."

"எங்க ஆளு போன வீட்ல இருநூறு! பன்னெண்டு பேரை வேண்டாம்னுட்டு அந்தப் பொண்ணு இவனைப் பிடிச்சாடா. பொம்பளையா அவ, புலி!"

பதிவேட்டில் ஆடுகளும் இல்லை, பன்னிரண்டு பேரும் இல்லை.

மூன்று மணிக்குள் ஆடுகள் முந்நூறு ஆகிவிட்டன. புதிதாக வந்த ஒவ்வொருவரையும் பெரியப்பா கையைப் பிடித்து இழுத்துப்போய் முதலில் அந்த இலையைத்தான் காட்டினார். கிளம்பும்போது காவ்ரோ என்னை வாசலில் ஓரங்கட்டினார்.

"எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு, லாஸோ. எங்க பாட்டி இலை இதைவிடப் பெரிசா இருக்கணும்."

உள்ளே பெரியம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பலகைக்கு முன்னால் கூப்பிட்டு, பெரியப்பாவின் இலைக்குப் பக்கத்து வெற்றிடத்தில் ஈர விரலை வைத்தாள்.

"இங்க ஒண்ணு கொள்ளும். குருவி வேண்டாம்."