கனடா மாத்திரை

வாசலிலேயே கேட்டது, பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

வெளியே நண்பகல் வெயில் தகரக் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே என் தம்பி ஒடோண்டி மூன்று கம்பளிக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அம்மாவை அடக்கம் செய்ய டொரான்டோவிலிருந்து வந்து பதினாறு நாள்.

"எப்பலேருந்து?"

கட்டிலருகே இருந்த பெரியப்பா ஒபுங்கா அலட்டிக்கொள்ளவில்லை. "முந்தாநேத்து சாயங்காலம். சும்மா மலேரியாதாம்மா, அகெயோ. நீயோ ஏரித் தீவுல தடுப்பூசி போடுற வேலையா இருந்தே. இதுக்குப் போயி உன்னைக் கூப்பிடுவாங்களா?"

நான் நர்ஸ். பையிலிருந்து மலேரியா சோதனை அட்டையை எடுத்துத் தம்பியின் விரலில் குத்தினேன். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டிய கோடு, மூன்றே நிமிடத்தில் அழுத்தமாக எழுந்து நின்றது. அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள்.

"டாக்டர் குடுத்த தடுப்பு மாத்திரை எங்கடா? தினம் ஒண்ணு போட்டியா?"

"குடுத்துட்டேன்க்கா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வந்தால் ஊர் விடாது. சட்டை, சோப்பு, செருப்பு எல்லாம் முதல் நாளே தீர்ந்துவிட்டன. பிந்தி வந்த கிழவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மாத்திரை இருந்தது. ஆளுக்கு இரண்டு கொடுத்துவிட்டான். "இந்த ஏரித் தண்ணி குடிச்சு வளர்ந்தவன் நான். கொசு எனக்குப் பங்காளி" என்று சிரித்தானாம்.

"பதிமூணு வருஷம் பனியில கிடந்துட்டு வந்திருக்கே. பழகின காய்ச்சலை உன் உடம்பு எப்பவோ மறந்துடுச்சுடா!"

"அதான் வைத்தியம் பண்ணியாச்சே" என்றார் பெரியப்பா. அவர் குரலில் பெருமை இருந்தது. தம்பி கொடுத்த மாத்திரைகளை நேற்று வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கியிருக்கிறார். ஒருவர் பைபிளுக்குள் வைத்திருந்தார், ஒருவர் மூக்குப்பொடி டப்பாவில். "ராத்திரி நாலு, காலையில நாலு. கனடாக்காரன் உடம்புக்குக் கனடா மாத்திரைதானே கேக்கும்? நம்ம ஊரு மருந்து ஒத்துக்குமா?"

"உள்ளே தங்குச்சா?"

"வாந்தி எடுத்தான். ரெண்டு தடவையும்."

ஒரு முழு நாள் வாந்தியோடு போய்விட்டது. இனி மாத்திரை கதைக்கு ஆகாது. ஊசி வேண்டும். அது பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரப் பாதை.

பைக் டாக்ஸியை மறித்தேன். முன்னால் ஓட்டுநர், நடுவில் தம்பி, பின்னால் நான். மூவரையும் என் மேல்துணியால் சேர்த்துக் கட்டினேன்.

"அக்கா, சனிக்கிழமை எனக்கு பிளைட்."

"அது போகட்டும். நீ அடுத்ததுல போ."

"வேலை போயிடும்க்கா."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுறவனைப் பிடிச்சுக்கோ."

பாதி வழியில் அவன் பேச்சு மாறியது. "அம்மா, கதவைத் தொற" என்றான். பிறகு உடம்பு விறைத்தது.

"சிஸ்டர், அண்ணன் என் இடுப்பை நெரிக்கிறாரு!" என்று அலறினான் ஓட்டுநர்.

"நிறுத்து!"

செம்மண் பாதையோரம் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வெட்டி வெட்டி இழுத்தது. இந்த வலிப்பை எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. நாற்பது வயது ஆம்பளைக்கு இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்றேகாலுக்கு முதல் ஊசி ஏறியது. குழாய் வழியே சிறுநீர் வடிந்த பிளாஸ்டிக் பையை டாக்டர் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம்தான் இருந்தது, கறுப்புத் தேநீர் நிறத்தில்.

"நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று தொடங்கியவர், நானும் நர்ஸ் என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஊசிக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. ஒடோண்டி மூன்று மணி நேரம்தான் இருந்தான்.

ஆறரைக்குப் பெரியப்பா வேனிலிருந்து இறங்கினார், கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு. "எழுந்து உக்காந்துட்டானா?"

"போயிட்டான் பெரியப்பா."

பாத்திரத்தை இறக்கி வைக்க அவருக்குத் தோன்றவில்லை. "என்ன வியாதின்னாங்க?"

"மலேரியா."

"மலேரியாவா? வெறும் மலேரியாவா?" நான் பொய் சொல்வதைப் போலப் பார்த்தார். "நான் நாப்பது தடவை படுத்து எழுந்தவன். வளர்ந்த ஆம்பளை அதுல சாவானா? டாக்டரை மறுபடி பாக்கச் சொல்லும்மா."

"பாத்தாச்சு."

என் கைக்குள் தம்பியின் போன் அதிர்ந்தது. திரையில் அவன் மனைவி லிலியனின் பெயர்.

பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இதயம்னு சொல்லிடு. மலேரியான்னு சொன்னா, நாம சரியாப் பாத்துக்கலைன்னு நினைப்பாம்மா."

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

"நினைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தேன்.