இரண்டாவது சங்கு

அன்புக்கரசி பிறந்தது பீங்கான் கம்பெனியில் இரண்டாவது சங்கு ஊதியபோது. வீட்டுக் கடிகாரம் நின்றுபோயிருந்ததால் சங்கை வைத்தே ஜாதகம் எழுதினார்கள். செவ்வாய் எட்டாம் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கட்டிக்கிறவன் உயிருக்கு ஆகாது என்றார்கள்.

"மொதச் சங்குன்னு சொல்லிடு. ஒம்பதாம் வூட்டுக்குப் போயிடும். தோஷம் கெடையாது" என்றார் அப்பா கோவிந்தராசு, கல்யாணப் பேச்சு எடுத்தபோது மகளிடம்.

"கிரகத்தையே நகத்திட்டியே, ராக்கெட்டு வுடுறவங்களுக்குச் சொல்லியனுப்பட்டுமா? எப்பா, அது பூமியில பாதி அகலந்தான். காத்துன்னு பேருக்கு இருக்குது, ராவானா ஒடம்பு வெறைக்கிற குளிரு. செவப்பா இருக்கிறது வெறும் இரும்புத்துரு. நம்ம கம்பெனி கப்புல புள்ளி விழுதே, அதே துரு! அதுவா எம் புருசன கொல்லும்?"

"பாடம் நடத்தாத. திருமாலு வேணுமா, வேணாமா?"

வேணும். கூடப் படித்தவன், மூன்று வருஷமாக மனசில் இருப்பவன். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அதுவும் இயற்பியலில், பொய்ச் சங்குக்குத் தலையாட்டினாள். தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்திலிருந்து திருமாலும் அவன் அம்மா சொர்ணாம்பாளும் வந்தார்கள். சொர்ணாம்பாள் காபியைத் தொடவில்லை. அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூத்தவனுக்குப் பொருத்தம் பாக்காம கட்டிவெச்சேம்மா. வருஷம் திரும்பல, லாரி அடிச்சிட்டுது. இவன் ஒருத்தந்தான் பாக்கி. நீ படிச்ச புள்ள, பொய் சொல்லமாட்ட. எந்த நேரத்துல பொறந்த?"

அன்புக்கரசி அப்பா பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டாவது சங்குக்கு அத்தை. செவ்வா எட்டுலதான். ஆனா அது சும்மா ஒரு சின்ன உருண்டை, அத்தை. லாரிய அது ஓட்டல."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சொர்ணாம்பாள் அவள் கன்னத்தைத் தடவினார்.

"உள்ளத சொன்னியே, நல்லாயிருப்ப" என்றவர், பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திருமால் வாசலில் நின்று பல்லைக் கடித்தான். "ஒரு பொய்தான? சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கம்மாகிட்ட நீங்க ஒரு உண்மைய சொல்லியிருக்கலாம்ல? பரீட்சையில செவ்வாயப் பத்தி நாலு பக்கம் எழுதுனீங்களே?"

அவன் குனிந்து செருப்பைத் தேடினான். அது காலடியிலேயே கிடந்தது.