அரஃபாவில் குடிக்காத தண்ணீர்

மேலப்பாளையத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாள் முதல், கணவர் அகமது மீரானின் இன்சுலின் சூட்டில் கெட்டுவிடக் கூடாதே என்பதுதான் ஆசியா உம்மாளின் கவலை. மருந்தை ஐஸ் பையில் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

ஹாஜிகள் பொழுது சாயும்வரை இறைவனிடம் வேண்டி நிற்கும் அரஃபா மைதானத்தில், உச்சிவெயிலில் அவள் நீட்டிய தண்ணீர் பாட்டிலை அவர் தள்ளிவிட்டார்.

"குடிச்சா ஒண்ணுக்கு முட்டும்ளா. கக்கூஸ் வரிசையப் பாத்தியா? துஆ கேக்க நேரம் இருக்காது."

"சுகர் உள்ளவங்க தண்ணி குடிக்காம இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"பொழுது அடையட்டும், மஃரிபுக்குப் பொறவு குடிக்கேன்."

பிற்பகலில் அவர் பேச்சு குழறியது. உடம்பு கொதித்தது, துளி வேர்வை இல்லை. தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே ஆசியா ஆள் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவேயில்லை.

ஊர் திரும்பியவளிடம், "அந்த மண்ணுல மவுத்தாக நசீபு வேணும், எல்லாருக்கும் அப்படிச் சாவு கெடைக்காது" என்றார்கள் எல்லோரும். அவள் தலையாட்டினாள். அழவில்லை.

மறுவருடம் ஹஜ்ஜுக்குப் போகுமுன் பக்கத்து வீட்டு ருக்சானா பயணம் சொல்ல வந்தாள். கூடப் போகும் அவள் கணவருக்கும் சர்க்கரை.

"வரிசைக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்திருவாரு. நீ விட்றாத, பக்கத்துல நின்னு குடிக்க வையி" என்று சொல்லும்போதே ஆசியாவின் குரல் உடைந்தது. ருக்சானாவின் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள்.