மேலே போகச் சொன்னவன்

அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தே ஸ்வாலாவின் விரல் நுனிகள் காந்தத் தொடங்கிவிட்டன. அக்காள் போட்ட முடிச்சு. செல்ஃபோஸ் ஊரில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிற யோருன், சின்னப் பொட்டலத்தைக் கட்டினாலும் பாறையைக் கட்டி இழுக்கப்போகிறவள் மாதிரிதான் கட்டுவாள். கடைசியில் ஸ்வாலா கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு பை ஓட்ஸ், இரண்டு சூப் பொட்டலம், அடுப்புக்கு ஒரு எரிவாயுக் குப்பி. அவ்வளவுதான். பாஸ்தா இல்லை, உலர்மீன் இல்லை, புகையூட்டிய ஆட்டிறைச்சி இல்லை, சாக்லேட் இல்லை.

"அக்கா, இங்க வந்து பாரு."

யோருன் வந்தாள். ஜாக்கெட் பைக்குள் கைகளை விட்டபடி பெட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரோ கை வச்சிருக்காங்க," என்றாள்.

தெற்கிலிருந்து சைக்கிளில் புறப்பட்ட நாளிலிருந்து எதிர்க்காற்று. ஸ்பிரெங்கிசாண்டுர் மேட்டில் ஏறியபின் மரம் கிடையாது, வீடு கிடையாது. எரிமலை துப்பிய கறுப்பு மணலும் கல்லும்தான், இரண்டு பக்கமும் பனிமலைகள். வடக்கே ஆட்டுப் பண்ணைகள் தொடங்கும்வரை ஒரு கடை கிடையாது. அதனால்தான் பாதி வழிக்கான சாப்பாட்டை மேட்டுப் பேருந்தில் இந்தக் குடிலுக்கு முன்னாலேயே அனுப்பியிருந்தார்கள். பெட்டியை அடுக்கி, கட்டி, ஓட்டுநர் கையில் கொடுத்ததெல்லாம் யோருன்தான்.

குடிலைப் பார்த்துக்கொள்கிற ஹெர்டிஸ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்வாலா அவளிடம் போய், பெட்டியை யார் தொட்டார்கள் என்று கேட்டாள்.

"யாரும் தொடல. நேத்து பஸ் வந்தப்ப எனக்கு வேற வேலை இருந்துச்சு. பால்மிதான் இறக்கி உள்ள கொண்டுவந்து வச்சார். அதோ, ஜன்னல் பக்கம் உக்காந்திருக்காரே, அவர்தான். அவரும் உங்கள மாதிரி சைக்கிள்."

ஜன்னலோரம் ஒரு ஆள். நரைத்த தாடி, ஒரு பக்கக் காம்பு உடைந்து டேப் சுற்றிய மூக்குக்கண்ணாடி. அதிமதுரம் வைத்த சாக்லேட்டை ஒவ்வொரு கட்டமாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவர்கள் பெட்டியில் இருக்க வேண்டியதும் அதே சாக்லேட்தான். இந்த நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாக்லேட் என்பது ஸ்வாலாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு எப்பக் கிளம்புறீங்க?" என்று பால்மி கேட்டார். கிழக்குக் கடலோரத்துப் பேச்சு.

"இன்னும் முடிவு பண்ணல," என்றாள் ஸ்வாலா.

"ஆறு இருக்கு. வெயில் ஏறிப் பனி உருகித் தண்ணி கூடுறதுக்குள்ள தாண்டிட்டா நல்லது."

படுக்கை அறைக்குள் வந்ததும் யோருன் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தியா, எப்பக் கிளம்புறோம்னு கேக்கறான். அவன் பின்பக்கத்துப் பையப் பாத்தியா? ஒருத்தனுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மூட்டை?"

"முடிச்சு அப்படியே இருந்துச்சே."

"கயித்த ஓரமாத் தள்ளிட்டு மூடியத் தூக்க முடியாதா என்ன? விடு. இதுக்குமேல போறது புத்திசாலித்தனம் இல்ல. சாப்பாடு இல்லாம நடுமேட்டுல மாட்டிக்கிட்டா மீட்புக்குழுவுக்கு நாமளே போன் பண்ணணும். எனக்கு அந்த அவமானம் வேண்டாம். நாளைக்கு பஸ் வருது, திரும்பிடலாம்."

ஸ்வாலா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். இந்த விடுப்பை வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். குளிர்காலம் முழுக்க நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து, மேட்டைக் குறுக்கே தாண்டப் போகிறோம் என்று ஊரெல்லாம் கேட்கப் பேசியது யோருன்தான். இப்போது அவளே பேருந்து என்கிறாள். ஒரு திருடனுக்காகத் திரும்பிப்போவதா?

குடிலின் மூலையில் ஒரு அலமாரி உண்டு. பயணத்தை முடித்தவர்கள் மிச்சமானதை அதில் விட்டுப்போவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஸ்வாலா அதைத் துழாவி அரிசி, காய்ந்த உருளைக்கிழங்குத் தூள், பாதி பாட்டில் கடலை வெண்ணெய், ஒரு சாசேஜ் எல்லாம் எடுத்துவந்து கட்டிலில் பரப்பினாள்.

"போதும். போறோம்," என்றாள்.

யோருன் சாசேஜை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பால்மியின் கட்டில் காலியாக இருந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்விட்டார் என்றாள் ஹெர்டிஸ். ஸ்வாலாவுக்கு அது போதும். தப்பு செய்யாதவன் ஏன் சொல்லாமல் போகிறான்?

கறுப்பு மணலில் அவருடைய சக்கரத் தடம் கோடு கிழித்தமாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. காற்று மேற்கிலிருந்து அடித்து, மணலை முகத்தில் வாரி வீசியது. சாய்ந்து ஓட்ட வேண்டியிருந்தது. காற்று ஒரு கணம் விட்டால் சைக்கிள் சாய்ந்த பக்கமே விழுந்தது. ஓட்ட முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். ஸ்வாலா தடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரிடத்தில் தடம் பாதையைவிட்டு விலகி, உறைந்த எரிமலைக் குழம்புப் பாறைகளின் பின்னால் போய்த் திரும்பி வந்திருந்தது.

"மூட்டையில கொஞ்சத்த இங்க ஒளிச்சிருப்பான்," என்று அவள் பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள்.

"மூத்திரம் பெய்யப் போயிருப்பான்டி," என்றாள் யோருன்.

"நேத்து நீதான சந்தேகப்பட்ட?"

"நேத்து சொன்னேன். அதுக்காக ஒவ்வொரு கல்லாப் புரட்டுவியா?"

பாறைக்குப் பின்னால் ஈரக்கறைதான் இருந்தது. அப்படியும் ஸ்வாலாவின் மனம் ஆறவில்லை. மேட்டின் விளிம்பில் ஒரு புள்ளி தெரிந்தது. இவர்கள் நின்றால் அதுவும் நிற்கிறமாதிரி இருந்தது; இவர்கள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. தங்களை நோட்டம் பார்த்துக்கொண்டே போகிறான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. இந்தக் காற்றில் யாராக இருந்தாலும் நின்று நின்றுதான் போக முடியும் என்று நினைத்துப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை. பின்னால் வந்த யோருனோ வரவர மெதுவாக ஓட்டினாள். கால் வலிக்கிறது என்றாள், சங்கிலி உரசுகிறது என்றாள், பஸ் இன்னும் போயிருக்காது என்றாள்.

ஆற்றின் இரைச்சல் முதலில் கேட்டது. பிறகு ஆறு தெரிந்தது. பனிமலை உருகி வருகிற தண்ணீர், சாம்பலைக் கரைத்த நிறம். அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஜீப்புகள் இறங்கி ஏறுகிற துறையில் டயர்த் தடங்கள் நேராகத் தண்ணீருக்குள் போயின. எதிர்க்கரையில் பால்மி உட்கார்ந்திருந்தார். கால்சட்டையைச் சைக்கிள் மேல் காயப்போட்டிருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்று ஏதோ கத்தினார். காற்று அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் கையை மட்டும் திரும்பத் திரும்ப மேல்பக்கம் நீட்டினார்.

"மேல போகச் சொல்றான்," என்றாள் ஸ்வாலா. "பாதையிருக்க, இந்தக் கல்லு மேல சைக்கிளத் தூக்கிட்டு நாம எதுக்கு மேல போகணும்? நாம அங்க அல்லாடுறதுக்குள்ள அவன் போயிடலாம்னு பாக்கறான்."

யோருன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அவர் சொல்றதையும் கேட்டுப் பாக்கலாமே, ஸ்வாலா."

"அவரா? ராத்திரி அவனா இருந்தான், இப்ப அவரா ஆயிட்டானா?"

"இல்ல, ஒருவேளை..."

"ஒருவேளை என்ன? அவன் நல்லவன்னு உனக்கு ஏதாவது தெரியுமா?"

யோருன் வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஸ்வாலா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு டயர்த் தடத்தின் வழியே இறங்கினாள். முதலில் முழங்கால் அளவுதான். குளிர் எலும்பைக் கடித்தது. நடுவில் ஓர் அடி வைத்தாள். அங்கே தரை இல்லை. தண்ணீர் இடுப்பைத் தாண்டி ஏறியது. பைகள் மாட்டிய சைக்கிளை, காற்று படகின் பாயைத் தள்ளுவதுபோல் ஆறு தள்ளியது. அதை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுவதற்குள் அவளும் அதனோடு சாய்ந்துவிட்டாள். வாயில், மூக்கில் மணல்தண்ணீர். தலை மேலே வந்தபோது எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. அப்போது அவள் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து ஒரு கை கொத்தாகப் பிடித்தது.

பால்மி அவளைக் கல்லின் மேல் இழுத்துப்போட்டுவிட்டு மறுபடி இறங்கி, கொஞ்சம் கீழே பாறையில் சிக்கிநின்ற சைக்கிளையும் கொண்டுவந்தார். ஒரு பை போய்விட்டிருந்தது. ஒரு பாறையின் மறைவில் அவளை உட்காரவைத்துத் தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்துவிட்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் மாற்றிக்கொண்டதும் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அவள் பற்கள் மூடியில் இடித்துக்கொண்டே இருந்தன.

"அந்தத் தடத்துல இறங்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்," என்றார். "ஏதோ பெரிய வண்டி அங்க மாட்டி, சக்கரத்தச் சுத்திச் சுத்தி அடியத் தோண்டிட்டுப் போயிருக்கு. நானே இறங்கிப் பாத்துட்டு, நனைஞ்சு திரும்பி, மேல போய்த்தான் தாண்டினேன். மேல ஆறு நாலா பிரியுது, முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. பின்னால நீங்க வருவீங்கன்னுதான் இங்கயே உக்காந்திருந்தேன்."

ஸ்வாலா காபியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எங்க பெட்டிய நீங்கதான் இறக்குனீங்களாமே?"

"ஆமா. ஒரு கையில தூக்கிட்டு வந்தேன். இன்னொரு கையில என் சைக்கிள். பெட்டி மேல ரெண்டு பேரோட பேர் எழுதியிருந்துச்சு, ரெண்டு பேருக்கு இது எங்க காணப்போகுதுன்னு அப்பவே நினைச்சேன்."

"ஒரு கையிலயா?"

"ஒரு கையிலதான். காத்தாட்டம் இருந்துச்சு."

திருடினவன் இப்படித்தான் சொல்வான் என்று பழக்கத்தில் ஒரு நினைப்பு எழுந்தது. அடுத்த கணமே விரல் நுனியில் அந்தக் காந்தல் ஞாபகம் வந்தது. அந்தக் கயிறு பெட்டிக்குள் புதைந்த மாதிரி இறுகியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கியிருக்க முடியாது. அவிழ்த்திருந்தாலும் அப்படி ஒரு முடிச்சைத் திரும்பப் போட இந்த மேட்டில் வேறு ஆள் இல்லை.

அவள் தலையைத் தூக்கி எதிர்க்கரையைப் பார்த்தாள். யோருன் அதே இடத்தில் நின்றிருந்தாள். தண்ணீருக்கு ஓர் அடி முன்னால் வந்து, பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு கரையிலும் இருந்து மேலே நடந்தார்கள். ஆறு நாலாகப் பிரிந்து பரந்து ஓடுகிற இடம் வந்ததும் ஸ்வாலா யாருக்கும் காத்திருக்காமல் இறங்கித் தண்ணீரைத் தாண்டி யோருனிடம் போனாள். காற்றில் பேச முகத்துக்கு முகம் நெருங்கி நிற்க வேண்டியிருந்தது.

"பெட்டியில என்ன வச்ச?"

யோருன் சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வச்சதுதான் இருந்துச்சு, இல்லையா? வேற எதுவும் வைக்கவே இல்ல."

"பஸ்ஸுல திரும்பிடுவோம்னு நினைச்சேன்," என்றாள் யோருன். "சாப்பாடு இல்லன்னா நீயே திரும்பலாம்னு சொல்லுவன்னு நினைச்சேன்."

"எதுக்கு?"

"போன வருஷம் வசந்தத்துல மண் அள்ளுற வண்டியோட ஆத்துல கவுந்தேனே."

"அதத்தான் தொட்டியில உக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே. ஊரே சிரிச்சுதே."

"சிரிச்சேன். கதவு திறக்கல, ஸ்வாலா. தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு. அதச் சொல்லல." யோருன் தண்ணீரைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "அதுக்கப்புறம் என்னால கணுக்கால் தண்ணியில நிக்க முடியல. வரலன்னு சொல்ல வாய் வரல."

ஸ்வாலாவுக்கு அக்காளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது, அறைய வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"பயம்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேனா? சரி, அத விடு. அந்த ஆளு திருடன் இல்லன்னு உனக்குத் தெரியும். அவர் மேல போகச் சொன்னப்ப, நான் கீழ இறங்கினேன். நீ பாத்துட்டு நின்ன."

"சொல்ல வந்தேன்."

"கையுறைய இழுத்துவிட்ட."

யோருன் அழுதாளா, காற்றில் கண் கலங்கியதா என்று தெரியவில்லை. ஸ்வாலா அக்காளின் பைகளைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பித் தண்ணீரில் இறங்கினாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. பால்மிதான் அக்கரையிலிருந்து வந்து, ஒரு கையில் யோருனின் சைக்கிளையும் மறு கையில் அவள் முழங்கையையும் பிடித்து, ஒவ்வொரு கிளையாகத் தாண்டவைத்தார். மூன்றாவது கிளையின் நடுவில் யோருன் நின்று அவரிடம் என்னவோ சொன்னாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

கரையேறியதும் தன் பெரிய மூட்டையை ஸ்வாலாவின் முன்னால் திறந்தார். முழுக்க உலர்ந்த ஹாடக் மீன், அவர் கொட்டகையில் அவரே காயவைத்தது. அக்கூரேரி ஊரில் இருக்கிற மகளுக்குக் கொண்டுபோகிறாராம்.

"சோதனை போடணும்னா போட்டுக்கோங்க," என்றார். "பாதிய நீங்களே தின்னாலும் சரி. மககிட்ட திருட்டுப் போச்சுன்னு சொல்லிக்கறேன்."

ஸ்வாலாவால் சிரிக்க முடியவில்லை. மன்னிச்சிடுங்க என்று முணுமுணுத்தாள். அதற்குள் அவர் மீனைக் கல்லில் வைத்துத் தட்டத் தொடங்கிவிட்டார்.

அன்று அக்காளும் தங்கையும் அதிக தூரம் போகவில்லை. பாறைகள் காற்றைத் தடுக்கிற ஒரு பள்ளத்தில் கூடாரம் அடித்தார்கள். ஸ்வாலாவின் படுத்துறங்கும் பை ஆற்றோடு போயிருந்ததால் யோருன் தன்னுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கிடைத்த துணிகளையெல்லாம் தனக்கு மாட்டிக்கொண்டாள். அவளே அடுப்பைப் பற்றவைத்தாள், அவளே சோறு ஆக்கினாள், அவளே வெளியே போய்க் கூடாரத்துக்கு ஆணி அறைந்துவிட்டு வந்தாள்.

"எல்லாம் இறுக்கமா இருக்கு," என்றாள். "காத்து எவ்வளவு அடிச்சாலும் அசையாது. நீ படு."

ஸ்வாலா தலையாட்டினாள். கொஞ்சநேரம் படுத்துக் கூரைத் துணி படபடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, நனைந்த செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கூடாரத்தைச் சுற்றி வந்து, ஒவ்வோர் ஆணியாகக் குனிந்து அசைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. உள்ளே யோருன் உட்கார்ந்தபடி அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.