சேத்தூர் சாட்டிலைட்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் இராஜபாளையத்து வானத்துக்குப் புத்தி ஒரு நிலையில் நிற்காது. பத்து மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்று மணிக்கு அதே வானம் மலையிலிருந்து மழையைத் தள்ளிவிடும். மாட்டிக்கொள்கிறவர்கள், வெளுத்த பேண்டேஜ் துணியை வெட்டவெளியில் காயப்போடுகிறவர்கள். நனைந்து புழுதி ஒட்டினால் மறுபடி வெளுக்க வேண்டும்.

என் மொட்டை மாடியில் நின்றால் நவநீதகிருஷ்ணன் முதலாளியின் துணிக்களம் முழுதும் தெரியும். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. வடகம் காயப்போட்டிருக்கிறேன், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் களத்தில் வேலை பார்க்கும் பென்சன் என்கிற பயல் இந்த வருஷம் மழைக்குப் பெரிய ஆளாகிவிட்டான். போனைப் பார்ப்பான், "இன்னும் இருவது நிமிஷத்துல மழை, அள்ளுங்க" என்பான். சொன்னபடி கொட்டும். முதலாளி அசந்துபோய், "பங்குனி முடியிற வரைக்கும் ஒரு துணி நனையக் கூடாது. பொறவு நீதான் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்தே பயலின் சட்டைப் பையில் இரண்டு பேனா.

உண்மை எனக்குத் தெரியும். மலையடியில் சேத்தூரில் இருக்கும் அவனுடைய அத்தை அன்னாள், தூறல் விழுந்ததும் இவனுக்குப் போன் போடுவாள். அங்கே பெய்தால் இருபது நிமிஷத்தில் இங்கே. அன்னாளின் மகள் ஷீனாவே சொன்னாள். நான் துருவவில்லை, ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டேன்.

போன ஞாயிறு சர்ச் வாசலில் எல்லாரும் புகழ, "சாட்டிலைட்டு படத்தப் பாத்து நானே கண்டுபிடிக்கதுதான்" என்று பென்சன் அளந்திருக்கிறான். பின்னால் அத்தை நின்றதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் மலை கறுத்தது. நான் வடகத்தைத் திருப்பப் போனேன்.

"ஏமிரா பென்சன், மழை உண்டா இல்லையா? லோடு சாயங்காலம் போவணும். காயாம அள்ளிராத, நனையவும் விட்றாத" என்றார் முதலாளி.

"செத்த பொறுங்க மொதலாளி, சாட்டிலைட்டு சுத்திக்கிட்டிருக்கு."

என் வீட்டுச் சுவரோரம் ஒதுங்கி அத்தைக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. ஆறு தடவை போட்டான். பயலுக்கு வேர்த்த வேர்வைக்கு அந்தத் துணியில் பாதி நனைந்திருக்கும்.

அப்போது சேத்தூர் பஸ் முக்கில் திரும்பியது. ரோட்டில் புழுதி பறக்கிறது, பஸ்ஸோ சொட்டச் சொட்ட வருகிறது, வைப்பர் ஆடுகிறது. பென்சன் பார்த்தான்.

"அள்ளுங்க! அம்புட்டையும் அள்ளுங்க!"

களமே ஓடியது. அவன் நாலு பேர் துணியை ஒற்றை ஆளாகச் சுருட்டினான், டீ குடிக்க நின்றவர்களையும் இழுத்துவந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்னாளும் குடையைப் போட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்தாள்.

"ஏலே, சாட்டிலைட்டுக்கு எதுக்குலே ஆறு மிஸ்டு கால்?"

"அத்தே, பொறவு ஏசுங்க. இப்ப இழுங்க!"

"ஏசத்தாம்லே பஸ் ஏறி வாரேன்!"

கடைசிச் சுருள் கொட்டகைக்குள் போகவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. என் வடகம் மாடியில் மிதந்தது. யார் அதைப் பார்த்தார்கள்? எனக்குக் கீழே வேடிக்கை இருந்தது.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "அப்ப சாட்டிலைட்டு இவியதானா?"

பென்சன் சமாளிக்க வாயெடுத்தான். அன்னாள்தான் முந்திக்கொண்டாள். "மழையச் சொன்னது நாந்தான் மொதலாளி. ஆனா சொன்னவொடனே இம்புட்டுத் துணியையும் ஆள் சேத்து அள்ளுனது இந்தப் பயதான். அது என்னால ஆவாது."

முதலாளி கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார். ஒரு துணியும் நனையவில்லை. போனை எடுத்தார். "அம்மா, ஒங்க நம்பரச் சொல்லுங்க. மழைக்கு நீங்க, துணிக்கு இந்தச் சூப்பர்வைசர்."

பென்சன் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் நம்பரைச் சொல்லி முடித்து, விரலை நீட்டினாள்.

"மத்தியானம் ரெண்டுலருந்து மூணு வரைக்கும் தூங்குவேன். அப்ப மழை வந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."