இரண்டு துளை கீழே

ஓட்டுநர்கள் கூட்டத்துக்குக் கணவன் வெர்லின் போயிருந்த நேரத்தில் மார்லிஸ் பந்தய வண்டிக்கு அடியில் புகுந்தாள். இடது பின்சக்கரத்திலிருந்து வரும் மேல்பக்க இரும்புத் தண்டான ராடைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றி, சட்டத்தில் வரிசையாக இருந்த துளைகளில் இரண்டு துளை கீழே இறக்கி முடுக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து ராடுகளைப் பொருத்துவது அவள் வேலை. பொருந்தியிருக்கிறதா என்று சொல்வது கணவன் வேலை.

மண்தடத்தில் ஓடும் வண்டியைத் திருப்புவது பாதிக்கு மேல் பின்பக்கம்தான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இடப்பக்க ராடுகள் நிமிர்ந்து வண்டியின் உடலைத் தூக்கும். அந்தச் சக்கரம் சற்று முன்னால் நகரும். பின் அச்சே கோணலாகி, வண்டி வாலை வீசிக்கொண்டு வளைவில் திரும்பும். ராடின் முன்முனை உயர உயர எழுச்சியும் கூடும். இரண்டு துளை இறக்கிவிட்டால் வண்டி சர்ச்சுக்குப் போகிற கார் மாதிரி தட்டையாகப் போகும்.

வெர்லினின் வலது காலும் கையும் மரத்துப்போக ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. பந்தயத்தை விட்டுவிடச் சொன்ன டாக்டரிடம், "வண்டியை நான் கையால ஓட்டல டாக்டர், உக்கார்ற இடத்தால ஓட்டுறேன். அங்க உணர்வு போகட்டும், விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். போன சனிக்கிழமை மூன்றாம் வளைவில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைச் சுவரோடு அழுத்தினான். தடம் வழுக்கியதாகச் சொன்னான். மற்றவர்கள் யாருக்கும் அன்று வழுக்கவில்லை.

டயர் பார்க்கும் ஆரின், அவள் வெளியே வருவதைப் பார்த்துவிட்டான்.

"இப்பத்தானே எல்லாம் முடிச்ச? மறுபடியும் என்ன?"

"ராடை எறக்கியிருக்கேன். அவன்கிட்ட சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்லணும்? ரெண்டு சுத்து முடியறதுக்குள்ள வந்து உன் பரம்பரையையே இழுப்பான். இப்பவே காதுல பஞ்சு வெச்சுக்க."

"திட்டட்டும்."

அதைத்தான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு முறை ஒரே ஒரு துளை மாறியதற்கு, முதல் வளைவைத் தாண்டியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவன் அவன். இன்றும் அப்படி வந்தால் டாக்டர் பேச்சை இனி அவள் எடுக்கப்போவதில்லை.

வேலியோரம் நின்று பயிற்சி ஓட்டத்தைப் பார்த்தாள். மற்ற வண்டிகள் இடது தோளைத் தூக்கிக்கொண்டு வளைந்தன. வெர்லினுடையது எழும்பவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அகலமாகப் போய்த் திரும்பியது. அவன் பாதியில் வரவில்லை. பயிற்சிச் சுற்றுகளை முழுதாக முடித்துவிட்டுத்தான் வந்தான்.

தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகமெல்லாம் சிரிப்பு. "அருமையா இருக்கு மார்லிஸ். நல்லா எழும்புது. எதையும் தொட்டுடாத."

ஏற்கெனவே காற்று பார்த்து முடித்த டயர்களை மறுபடி பார்க்க ஆரின், வண்டியின் மறுபக்கம் போனான்.

"வெர்லின், ராடை எறக்கியிருக்கேன்."

"எப்போ?"

"நீ கூட்டத்துக்குப் போனப்ப."

"அதான பார்த்தேன்." ஸ்டியரிங்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "ஏதோ வித்தியாசமாத்தான் இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கேன்னு விட்டுட்டேன். ஒரு துளை, இல்லையா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"ரெண்டு."

அவன் கட்டைவிரலால் ஸ்டியரிங்கின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த ஓட்டத்துக்கு வண்டிகளை வரிசைக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கி அழைத்தது. பக்கத்தில் எஞ்சின்கள் உறுமின.

"போய் என் பேரை எடுத்துடச் சொல்லு" என்றான் அவளைப் பார்க்காமலே. இடுப்புப் பட்டையைக் கழற்ற அவன் விரல்கள் தடுமாறின. அவள் குனிந்து உதவப் போனாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

தடத்தின் கண்காணிப்புக் கோபுரத்தடியில் பந்தயப் பட்டியலோடு இருந்த பெண் அவன் பெயரை அடித்துவிட்டு, "எஞ்சின் கோளாறா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பாவம், இன்னிக்கு நல்லா ஓட்டினாரே. அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்னு சொல்லுங்க."

மார்லிஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.