மழைத்துளி, ஒன்பதாம் வகுப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது தோண்டியெடுத்து "பார்த்தியா, மறைச்சுட்டா" என்று சொல்ல வேண்டாம். ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது.

நான் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள். புதிய நாவல் அச்சுக்குப் போக இருக்கிறது. போன வாரம் பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், பின்னட்டைக்கு மூணு பசங்களோட கருத்து வேணும். பெரியவங்க பாராட்டினா பிள்ளைங்க அந்தப் பக்கமே போக மாட்டாங்க. அவங்க வயசுக்காரங்க 'நல்லாருக்கு'ன்னு சொன்னாத்தான் எடுப்பாங்க."

"புத்தகமே இன்னும் வரலையே. எந்தப் பிள்ளை படிச்சிருக்கும்?"

"அதான் போன தடவை மாதிரி நீங்களே போட்டுடுங்க. உங்களுக்கு வராததா?"

எனக்கு வராததா! முதல் இரண்டையும் காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். இன்று காலை ஒன்பதரைக்கு மூன்றாவதற்கு உட்கார்ந்தேன். "இந்த நாவலைப் படித்தபோது எனக்கு ஒரு தோழி" என்று எழுதியதோடு

நின்றுவிட்டது. அடிக்க மனம் வராமல் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த சொல்லுக்குப் பதிலாக ஒரு நூலகர் வந்து நின்றார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தப் பள்ளி நூலகத்தில் தூசிகூட அமைதியாக" — சீ. தூசியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிற கதையை நானே பாதியில் மூடிவிடுவேன்.

இரண்டாம் முயற்சி: நூலகருக்கு வயது ஐம்பத்திரண்டு. நாலு அலமாரி, ஒரு நீள மேசை, தேதி முத்திரை ஒன்று, இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். அதற்கும் வேட்டு வைக்கப் பார்த்தாள் தலைமையாசிரியை. "வருஷாந்திர ஆய்வுக்கு வர்றாங்க. ஒருத்தரும் எடுக்காத புத்தகத்தையெல்லாம் கட்டிப் போடச் சொல்லிடுவாங்க. அப்புறம் இந்த ரூம் எதுக்கு? விளையாட்டுச் சாமான் வைக்கவாவது ஆகும்."

நூலகர் ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகம் பிடித்திருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பின்னட்டை உறைக்குள் வைக்கலாம். அடுத்து எடுப்பவள் படித்துக்கொள்வாள். "பெரியவங்க சொல்ல வேணாம், நீங்களே ஒருத்திக்கொருத்தி சொல்லுங்க" என்று அறிவித்தார்.

பிள்ளைகள் சொன்னார்கள். மொத்தப் பள்ளியும் சேர்ந்து ஒரே ஒரு புத்தகத்தைச் சொன்னது. அட்டை கிழிந்து, கடைசி எட்டுப் பக்கம் காணாமல் போன ஒரு பேய் நாவல்.* முடிவு இல்லாததால் ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்லிச் சண்டை போட்டார்கள். அதன் உறையில் சீட்டுகள் பிதுங்கின. மற்ற அலமாரிகளை ஈகூட எட்டிப் பார்க்கவில்லை.

(* அந்த நாவலின் பேரைக் கேட்காதீர்கள். அட்டை இல்லாததால் எங்களுக்கே தெரியாது.)

3

ஆகவே நூலகர் தாமே எழுதத் தொடங்கினார். இடது கையால், கோணல் எழுத்தில், பச்சை மையில்.

"எனக்கு அழுகையே வராது. இதைப் படிச்சு அழுதேன். நீயும் படி. யார்கிட்டயும் சொல்லாதே. இப்படிக்கு, மழைத்துளி, ஒன்பதாம் வகுப்பு."

மழைத்துளியாம்! எந்தப் பதினாலு வயசுக்காரி தனக்கு அப்படிப் பேர் வைத்துக்கொள்வாள்? அந்த வயதுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடும் பேர்களை இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார். அச்சில் ஏற்றக்கூடிய ஒன்று மட்டும் சொல்கிறேன்: கோந்து. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வைத்த பேர். யாராவது தெரியாத்தனமாக ரெண்டு வார்த்தை பேசிவிட்டால் ஒட்டிக்கொள்வாள் என்பதால். பேய் நாவல் அவள் கைக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் அதைப் பற்றிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள். அவளுக்கும் ஒரு முடிவு தோன்றியது. கேட்க ஆள் இல்லை.

மழைத்துளியின் சீட்டு கோந்தின் கையில் அகப்பட்டது. படித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது உறைக்குள் பதில் வைத்தாள்: "எனக்கும் அழுகை வந்துச்சு. உனக்கு வேற என்ன பிடிக்கும்?"

நூலகர் பதில் எழுதினார். அடுத்து எடுக்க வேண்டிய புத்தகத்தையும் சொன்னார். ஆய்வுக்காக ஆரம்பித்த வேலைதான். போகப் போக அவருக்கே ருசித்துவிட்டது. மழைத்துளிக்கு ஒரு தங்கை பிறந்தாள். கணக்கு வாத்தியாரைப் பிடிக்காமல் போயிற்று. கோந்தின் பேய் நாவல் முடிவைக் கேட்டு, "ஐயோ, சூப்பர்!" என்றாள்.

ஒருநாள் மேசைமுன் கோந்து வந்து நின்றாள்.

"மிஸ், மழைத்துளி எந்த செக்‌ஷன்?"

"யாருக்கும்மா தெரியும்? சீட்டை வெச்சுட்டு ஓடிப்போயிடுதுங்க."

"பாக்க எப்படி இருப்பா?"

"உன் உயரம்தான் இருக்கும்."

"அப்போ பாத்திருக்கீங்களா?"

நூலகர் முத்திரையை மைப்பெட்டியில் ரெண்டு தடவை குத்தினார். "பின்னாடி வரிசை நிக்குது பாரு, நகரு."

பின்னால் யாரும் இல்லை.

4

அடிக்குறிப்பில் "எங்களுக்கே" என்று வாய்தவறிச் சொன்னபோதே கண்டுபிடித்திருப்பீர்கள். சரி, கோந்து நான்தான். அவள் இவள் என்று எழுதினால் வலி கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மழைத்துளி யார் என்று எனக்கு மூன்றாவது சீட்டிலேயே தெரிந்துவிட்டது.

நூலகர் எழுத்தை மாற்றினார், மையை மாற்றினார், வயதை மாற்றினார். ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் வலது மேல் மூலையில் புத்தகத்தின் பதிவு எண்ணை எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டிருந்தார். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் முதலில் எண்ணை எழுதிக் கோடு போட்டே பழகிய கை. தோழிக்குக் கடிதம் எழுதுகிற எந்தப் பெண் பதிவு எண் போடுவாள்?

தெரிந்தும் நான் எழுதினேன். தோழி பொய்தான், ஆனால் எனக்கு எழுத ஒருவர் மெனக்கெடுகிறாரே, அது பொய்யில்லையே! எனக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு போதவில்லை. கோந்துதானே.

ஒரு புதன்கிழமை இப்படி எழுதி உறைக்குள் வைத்தேன்: "வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துப் பெஞ்சு. நீ யாரா இருந்தாலும் பரவாயில்லை. வா."

5

அந்தச் சீட்டைப் பிரித்தபோது நூலகர் என்ன நினைத்தார்? இந்த இடத்தில் என் பேனா அவர் மண்டைக்குள் நுழைய மறுக்கிறது. அதனால் மூன்று முடிவுகள் தருகிறேன்.

(அ) வெள்ளிக்கிழமை அவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து பெஞ்சில் உட்காருகிறார். "தள்ளி உக்காரு, கோந்து" என்கிறார். இருவரும் சிரிக்கிறோம். (இதை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். என் நாவல்கள் எல்லாமே இந்த முடிவுதான். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.)

(ஆ) மேசைமுன் என்னைக் கூப்பிட்டு, "நான்தாம்மா அது. மன்னிச்சுக்கோ" என்கிறார். (இதையும் வாங்கிக்கொண்டிருப்பேன்.)

(இ) வியாழக்கிழமை உறைக்குள் ஒரு சீட்டு இருந்தது. "எங்க அப்பாவுக்கு மாற்றல் ஆயிடுச்சு. நாங்க வெளியூர் போறோம். நிறையப் படி. இப்படிக்கு, மழைத்துளி." வலது மூலையில் பதிவு எண். அடியில் ரெண்டு கோடு.

நடந்தது (இ).

அதற்கு முந்தைய வாரம்தான் ஆய்வு முடிந்து அறை தப்பியிருந்தது. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. இல்லை, இது அநியாயம். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருப்பார், அவ்வளவுதான். பயந்தவர்களை மன்னிக்க வேண்டும் என்றுதான் நானும் என் நாவல்களில் எழுதுகிறேன். என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பெஞ்சுக்குப் போனேன். தோழி பொய் என்றால், அவள் ஊருக்குப் போனதும் பொய்யாக இருக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை. மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் நூலக ஜன்னல் தெரியும். நூலகர் ஜன்னலருகே வந்தார், நின்றார், ஒரு கதவைச் சாத்தினார். வெயில் அடித்திருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! நான் பாதிக்கப்பட்டவளாக, நல்லவளாக, நிம்மதியாக எழுந்து போயிருப்பேன்.

போன நாவலின் பின்னட்டைக்கு நான் எழுதிய பொய்க் கருத்துக்கு என்ன பேர் வைத்தேன் தெரியுமா? பனித்துளி, வயது பதினைந்து. மழைத்துளியைப் பார்த்துச் சிரித்த வாய்தான் இது.

பனித்துளிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதிப்பாளர் செவ்வாய்க்கிழமை அனுப்பிவைத்தார். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள்.

"பனித்துளி அக்கா, நீங்க சொன்னதாலதான் அந்தப் புக்கை எடுத்தேன். என் கிளாஸ்ல புக் படிக்கிறவங்க யாருமே இல்ல. உங்ககிட்ட நிறையப் பேசணும். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பொது நூலக வாசல் பெஞ்சுல இருப்பேன். பச்சைப் பை வெச்சிருப்பேன்."

பதிப்பாளரிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். சிரித்தார்.

"வெளியூர் போயிட்டான்னு ஒரு வரி எழுதிப் போட்டுடுங்க மேடம். பாவம், சின்னப் பொண்ணு. மனசு கஷ்டப்படாது."

அந்த வரியை நான் எழுதவில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். வேறு எதையும் எழுதவும் இல்லை.

7

இன்று சனிக்கிழமை. பொது நூலகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. பத்தரைக்கே செருப்பு மாட்டிக்கொண்டேன். மூன்றாம் பகுதியில் ஒரு வாக்கியம் உறுத்தியது, திருத்திவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு ஐந்தாம் பகுதி. போய் என்னவென்று சொல்வது? "நான்தாம்மா அது" என்றா? நரைத்த தலையோடு ஒரு பொம்பளை எதிரே வந்து நின்றால் அந்தப் பிள்ளையின் முகம் எப்படி ஆகும்? (எப்படியும் ஆகாது. எனக்குத் தெரியும். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பாள்.)

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது நாகரிகமான உத்தி என்பார்கள். ஒரு மண்ணும் இல்லை. கதையை விட்டு மாற்றலாகி வெளியூர் போவதற்குத்தான் அந்தப் பேர். அதையே நானும் செய்கிறேன். பொது நூலக வாசல், பெஞ்சு, பச்சைப் பை. உங்களில் யாராவது போங்கள். யாராக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தச் சனிக்கிழமை கடந்திருக்கும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

மணி பதினொன்று நாற்பது. செருப்பு இன்னும் காலில்தான் இருக்கிறது. ஜன்னல் வழியே வெயில் தாளில் விழுந்து கண் கூசியது. எழுந்துபோய் ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.